காது இரைகிறது, காரணம் தெரியவில்லை: வாசகர் கேள்வி பதில்

போன மாதம் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, எனக்கு வலது காது கேட்காது என்று போகிறபோக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள்தான் இந்த மாதம் மேசை முழுக்க. பாதிக்கு மேல் ஒரே மாதிரி ஆரம்பிக்கின்றன: "இதுவரை யாரிடமும் சொன்னதில்லை." அதனால் மற்ற கேள்விகளைத் தள்ளிவைத்துவிட்டு, இந்த முறை எல்லாப் பக்கங்களையும் காதுக்கே கொடுத்துவிட்டேன்.

நான் டாக்டர் இல்லை. பள்ளிக்கூடத்தில் மொழிப்பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். 19 வருடமாக ஒரு காதோடும் ஓயாத ஓர் இரைச்சலோடும் இருக்கிறேன். மருத்துவம் சம்பந்தமாக இங்கே எழுதுவதெல்லாம், இத்தனை வருடத்தில் காது டாக்டர்களிடமும், கேட்கும் திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்டுகளிடமும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டது.

அக்கா, எனக்கு 34 வயது. நான்கு நாளைக்கு முன் காலையில் எழுந்தபோது இடது காது அடைத்த மாதிரி இருந்தது. கூடவே 'கொய்ங்' என்று ஒரு சத்தம். வலி இல்லை, காய்ச்சல் இல்லை. சளி அடைப்பாக இருக்கும் என்று சொட்டு மருந்து கொடுத்தார்கள். இன்னும் ஒரு வாரம் பார்க்கலாமா?

தம்பி, உங்கள் கடிதம் வந்த அன்றே பதில் அனுப்பிவிட்டேன். அச்சாகி வரும்வரை காத்திருக்கிற விஷயம் இல்லை இது. உங்களுக்கு எழுதியதையே இங்கேயும் போடுகிறேன். இதைப் படிக்கிற யாருக்காவது நாளைக் காலையில் இப்படி நடக்கலாம்.

ஒரு வாரம் பார்க்க வேண்டாம். ஒரு நாள்கூடப் பார்க்க வேண்டாம். காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போய், "இத்தனாம் தேதி காலையிலிருந்து ஒரு காது திடீரென்று கேட்கவில்லை" என்று தேதியோடு சொல்லுங்கள். ஆடியோமெட்ரி, அதாவது எந்தச் சுருதி எவ்வளவு கேட்கிறது என்று அளக்கும் சோதனை, எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். காதுக்குள் விளக்கடித்துப் பார்ப்பது மட்டும் போதாது. கோளாறு உள்காதில் என்றால் செவிப்பறை பார்க்க நன்றாகத்தான் இருக்கும். 72 மணி நேரத்துக்குள், அடுத்தடுத்த மூன்று சுருதிகளில் 30 டெசிபலோ அதற்கு மேலோ கேட்கும் திறன் விழுந்திருந்தால் அதைத் திடீர் செவித்திறன் இழப்பு என்கிறார்கள். அதற்கு ஸ்டீராய்டு கொடுப்பதானால் முதல் இரண்டு வாரத்துக்குள் ஆரம்பிப்பது நல்லது. மாத்திரையில் போதுமான பலன் தெரியாவிட்டால் செவிப்பறை வழியாக நடுக்காதுக்குள் ஊசியாகப் போடுவார்கள். அதையும் பெரும்பாலும் ஆறு வாரத்துக்குள் செய்துவிடுகிறார்கள். சர்க்கரையோ ரத்த அழுத்தமோ வயிற்றுப் புண்ணோ இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், தூக்கத்தைக் கெடுக்கும். எல்லோருக்கும் பலிக்கிற மருந்தும் அல்ல அது. ஆனால் முயன்று பார்க்க நமக்கு இருப்பது அந்தக் கொஞ்ச நாள்தான்.

கிளம்புவதற்கு முன்பு நீங்களே ஒன்று செய்து பார்க்கலாம். வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று நீளமாக முனகுங்கள். அடைத்த காதுப் பக்கம் சத்தம் கூடுதலாகக் கேட்டால் அழுக்கோ சளியோ அடைத்திருக்க வாய்ப்பு உண்டு. நல்ல காதுப் பக்கம் கேட்டால் உள்காதைச் சந்தேகப்பட வேண்டும். டாக்டர் இசைக்கவையை (டியூனிங் ஃபோர்க்) தட்டி நெற்றி நடுவில் வைத்துக் கேட்பதும் இதைத்தான். இது எந்தப் பரிசோதனைக்கும் ஈடாகாது. அடைப்புப் பக்கம் கேட்டாலும் டாக்டரைப் பார்க்கத்தான் வேண்டும்.

எனக்கு ஏன் இவ்வளவு பதற்றம் என்று கேட்கலாம். எனக்கு நடந்தபோது, அன்று சாயங்காலம் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். எங்கிருந்தோ மெல்லிய கீச்சுச் சத்தம். டியூப்லைட் என்று நினைத்து அணைத்தேன். நிற்கவில்லை. ராத்திரி 2 மணிக்கு எழுந்து ஃபிரிட்ஜை நிறுத்தினேன், சார்ஜர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். கடைசியில் மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டு இருட்டில் கூடத்து நடுவில் நின்றேன். சத்தம் என்னோடு நின்றது. விடிந்து போனை வலது காதில் வைத்தபோது எதிர்முனையில் யாருமே இல்லை. போன் கெட்டுப்போச்சு என்று நினைத்தேன். யதேச்சையாகத்தான் இடது காதுக்கு மாற்றினேன். என் தங்கை 'ஹலோ ஹலோ' என்று கத்திக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குப் பார்த்த டாக்டர் சளி என்றார், சொட்டு மருந்து எழுதினார், ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார். நானும் நல்ல பிள்ளையாக ஒரு மாதம் காத்திருந்தேன். அப்புறம் பரீட்சை நேரம் என்று இன்னும் பத்து நாள். நாற்பதாவது நாள் வேறொரு டாக்டர் இசைக்கவையை என் நெற்றியில் வைத்து, "எந்தப் பக்கம் கேட்குதும்மா?" என்றார். இடது என்றேன். கவையை மெதுவாக மேசையில் வைத்தார். "எத்தனை நாளாச்சு?" சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்க்காமல் எழுத ஆரம்பித்தார். முதல் வாரத்திலேயே போயிருந்தாலும் காது திரும்பியிருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் முயன்று பார்த்தோம் என்ற நிம்மதியாவது இருந்திருக்கும். அது எனக்குக் கிடைக்கவில்லை, உங்களுக்குக் கிடைக்க வேண்டும்.

(இந்தத் தம்பி போன வாரம் மறுபடி எழுதினார். ஆறாம் நாள் மருந்து ஆரம்பித்தார்களாம். கனத்த குரல்கள் திரும்பிவிட்டன, மேல் சுருதி இன்னும் வரவில்லை, இரைச்சல் கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்கிறார். அடுத்த ஆடியோகிராமை (ஆடியோமெட்ரியில் கிடைக்கும் வரைபடம்) தள்ளிப்போடாதீர்கள் தம்பி.)

டீச்சரம்மா, எனக்கு 41 வயது. ஏழு மாதமாக வலது காது பாதிதான் கேட்கிறது. எம்ஆர்ஐ, ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல். 'இடியோபதிக்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். காரணமே இல்லாமல் எப்படி வரும்? அதற்கு முந்தின வாரம் ஈரத் தலையோடு தூங்கினேன், ஹெட்போனில் பாட்டுக் கேட்டேன், அலுவலகத்தில் பெரிய சண்டை வேறு. இதில் எதனால் வந்தது?

அம்மா, உங்கள் கடிதத்தில் இருக்கிற இந்தப் பட்டியலைப் பார்த்ததும் என் பழைய டைரியை எடுத்து வந்து பக்கத்தில் வைத்துக்கொண்டேன். அதன் கடைசிப் பக்கங்களில் நானும் ஒரு பட்டியல் போட்டிருந்தேன். 27 வரிகள். ஜன்னலோரம் உட்கார்ந்து போன பஸ் பயணம், மாணவன் ஒருவனை அதட்டியது, தலைவலி மாத்திரை, துக்க வீட்டுக்குப் போய் ராத்திரி முழுக்க விழித்திருந்தது. சிலவற்றுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி, சிலவற்றுக்குப் பக்கத்தில் இரண்டு கேள்விக்குறி.

இடியோபதிக் என்றால் காரணம் இல்லை என்று அர்த்தம் இல்லை. இன்றைய பரிசோதனைகளால் காரணத்தைக் காட்ட முடியவில்லை என்று அர்த்தம். திடீரென்று கேட்கும் திறன் போகிறவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு இப்படித்தான். வைரஸாக இருக்கலாம், உள்காதுக்குப் போகும் நுண்ணிய ரத்தக்குழாயில் தடையாக இருக்கலாம், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உள்காதைத் தாக்கியிருக்கலாம் என்கிறார்கள். உங்கள் ஒருவர் விஷயத்தில் இதில் எது என்று சொல்லத்தான் வழி இல்லை.

ஏன் வழி இல்லை என்பது புரிந்தபிறகுதான் எனக்கு ஓரளவு மனசு ஆறியது. உள்காதில் நத்தைக்கூடு மாதிரி இரண்டரைச் சுற்று சுற்றியிருக்கும் அந்த உறுப்பு ஒரு பட்டாணி அளவுதான் இருக்கும். உடம்பிலேயே மிகக் கடினமான எலும்புகளில் ஒன்றுக்குள் அது புதைந்திருக்கிறது. ஈரலில் சந்தேகம் என்றால் ஊசியால் துளி சதை எடுத்துப் பார்க்கலாம். உள்காதில் அப்படி எடுக்கப் போனால் மிச்சமிருக்கிற கேட்கும் திறனும் போய்விடும். ஒலியை வாங்கும் நுண்மயிர் செல்கள் ஒரு காதுக்குச் சுமார் 15,000 தான். எம்ஆர்ஐயில் அவை தெரியாது. எம்ஆர்ஐ எடுப்பது முக்கியமாக, காது நரம்பில் கட்டி இருக்கிறதா என்று பார்க்க. அது இல்லை என்பது உங்களுக்கு நல்ல செய்தி. 'எல்லாம் நார்மல்' என்று டாக்டர் சொன்னது அதைத்தான். உங்கள் காது நார்மல் என்று அவர் சொல்லவில்லை. அந்த வித்தியாசத்தை யாராவது நமக்கு உட்கார்ந்து எடுத்துச் சொல்லியிருக்கலாம்.

ஈரத் தலையால் உள்காது போகாது. அந்தச் சண்டையாலும் போனது என்று சொல்ல முடியாது. ஹெட்போனைப் பற்றி ஒன்று சொல்கிறேன், ஆனால் பழி போட அல்ல. மிகுந்த சத்தம் நுண்மயிர் செல்களை அழிக்கும் என்பது உண்மை. பறவைகளுக்கு அந்தச் செல்கள் திரும்ப முளைக்கின்றன, நமக்கு முளைப்பதில்லை. ஆனால் சத்தத்தால் வரும் பாதிப்பு பெரும்பாலும் இரண்டு காதிலும் மெல்ல மெல்ல வருவது. ஒரே நாளில் ஒரு காது விழுவது அதன் போக்கு அல்ல. ஹெட்போன் ஒலியைக் குறைக்க வேண்டியது போன காதுக்காக அல்ல, இருக்கிற காதுக்காக. 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பார்கள். பக்கத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்தித்தான் பேச முடிகிறது என்றால் கிட்டத்தட்ட அந்த அளவை எட்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காரணம் தெரியாமலே செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன. ஆறு மாதத்தில் இன்னொரு ஆடியோகிராம் எடுத்திருக்க வேண்டும், எடுத்தீர்களா? பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிவப்பு வட்டம் வலது காது, நீலப் பெருக்கல் குறி இடது காது. குறி கீழே போகப் போக இழப்பு அதிகம். எந்த வியாதிக்கு யாரிடம் போனாலும் காது விஷயத்தை முதலில் சொல்லிவிடுங்கள். ஜென்டாமைசின், அமிகாசின் மாதிரியான ஊசிகளும், புற்றுநோய்க்குக் கொடுக்கும் சிஸ்பிளாட்டினும் உள்காதைப் பாதிக்கக்கூடியவை. வேறு வழி இருந்தால் டாக்டர் யோசிப்பார். கேட்கும் திறன் ஏறி இறங்கினாலோ, உலகமே சுழல்கிற மாதிரித் தலைசுற்றல் வந்தாலோ, இன்னொரு காதும் மந்தமானாலோ அன்றே போக வேண்டும். அப்போது காரணம் பிடிபடவும் வாய்ப்பு உண்டு.

இன்னொன்று. "அதான் ஒரு காது இருக்கே" என்று உங்களிடம் இதற்குள் பலர் சொல்லியிருப்பார்கள். ஒரு காது போனால் பாதி சத்தம் போகிறது என்று நினைக்கிறார்கள். போவது திசை. யாராவது கூப்பிட்டால் எந்தப் பக்கத்திலிருந்து என்று தெரியாமல் சுற்றிச் சுற்றிப் பார்ப்போம். கூட்டத்தில் பத்துக் குரல்களிலிருந்து ஒரு குரலைப் பிரித்தெடுக்க முடியாது. என் வகுப்பில் வலப்பக்கம் உட்கார்ந்த பிள்ளைகள், டீச்சருக்குத் தங்களைப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டார்கள். ஒரு பெண் குழந்தை ஒரு வாரம் தினமும் கை தூக்காமல் ஏதோ கேட்டிருக்கிறாள், நான் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. அவள் அம்மா வந்து சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. மறுநாள் வகுப்பில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, மேசையை எனக்கு வலப்பக்கக் கோடிக்கு இழுத்துப் போட்டேன். மொத்த வகுப்பும் என் இடது பக்கம் வந்துவிட்டது. ஓய்வு பெறும் வரை அந்த மேசை அங்கேதான் இருந்தது. கூட்டங்களில், சாப்பாட்டு மேசையில், வண்டியில் எங்கே உட்கார்வது என்று முதலில் யோசித்துவிட்டு உட்காருங்கள். கேட்காத காதுப் பக்கத்து ஒலியை நல்ல காதுக்கு அனுப்பும் 'கிராஸ்' என்ற கருவியும் இருக்கிறது. உங்களுக்குப் பாதி கேட்கிறது என்பதால் சாதாரணக் கருவியே உதவலாம். ஆடியாலஜிஸ்டிடம் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

என் டைரிப் பட்டியல் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. 28-வது வரி மட்டும் சேரவில்லை.

அம்மா, எனக்கு 29 வயது. கேட்பதில் குறை இல்லை என்கிறார்கள். ஆனால் ராத்திரி படுத்தால் இரண்டு காதிலும் சில்வண்டுச் சத்தம். மனைவி, 'எல்லாம் உங்க பிரமை' என்கிறாள். தூங்கி மூன்று மாதம் ஆகிறது. இது எப்போது நிற்கும்?

பிரமை இல்லை தம்பி. உங்கள் மனைவியையும் கூட உட்காரவைத்து இதைப் படியுங்கள். 1953-இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர், காதில் எந்தக் குறையும் சொல்லாத 80 பேரைச் சத்தமே புகாத அறையில் உட்காரவைத்து, என்ன கேட்கிறது என்று கேட்டார்கள். 94 சதவீதம் பேர் ஏதோ ஒரு சத்தம் கேட்கிறது என்றார்கள். முற்றிலும் அமைதியில் விட்டால் மூளை தானாகவே எதையாவது கேட்கும். காது சற்றுப் பழுதானவர்களுக்கு அது பகலிலும் கேட்கிறது.

நான் இதை வாத்தியார் வேலையை வைத்துத்தான் புரிந்துகொண்டேன். வருகைப் பதிவேட்டில் ஒரு பெயரைக் கூப்பிடுகிறோம். பதில் இல்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கூப்பிடுகிறோம். உள்காதிலிருந்து சில சுருதிகளில் பதில் வராதபோது மூளை இப்படித்தான் குரலை ஏற்றுகிறது. வராத பிள்ளையைக் கூப்பிடுகிற அந்தக் குரல்தான் நமக்கு இரைச்சலாகக் கேட்கிறது. பலருக்கு இரைச்சலின் சுருதியும் காது விழுந்த சுருதியும் ஒத்துப்போவது அதனால்தான். உங்கள் ஆடியோகிராம் நன்றாக இருக்கிறது என்றாலும், வழக்கமான சோதனை 8,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலேயும் காது கேட்கிறது, அங்கேயும் குறை இருக்கலாம்.

எப்போது நிற்கும் என்று கேட்டீர்கள். சிலருக்கு நின்றுவிடுகிறது, சிலருக்கு நிற்பதில்லை. எனக்கு நிற்கவில்லை. இதை எழுதும்போதும் கேட்கிறது. ஆனால் நீங்கள் இப்போது படுகிற பாடு நிற்கும், அதற்குச் சத்தம் நிற்க வேண்டியதில்லை. நான் முதல் வருடம் செய்த பெரிய தவறு, அமைதியைத் தேடி ஓடியது. கதவைச் சாத்தி, காதில் பஞ்சு வைத்து, வீட்டில் எல்லோரையும் அதட்டி அடக்கினேன். அமைதி கூடக்கூட இரைச்சல்தான் எழுந்து நின்றது. நீங்கள் அதற்கு நேர்மாறாகச் செய்யுங்கள். படுக்கையறையில் மின்விசிறி ஓடட்டும், அல்லது போனில் மழைச் சத்தமோ அலைச் சத்தமோ மெல்லிதாக ஓடட்டும். இரைச்சலை அமுக்கும் அளவுக்கு வைக்காதீர்கள். இரைச்சல் கொஞ்சம் மேலே தெரிகிற அளவுக்கு, இரண்டும் கலந்து கேட்கும்படி வையுங்கள். முழுக்க மறைத்துவிட்டால் மூளைக்கு அதைப் பழகிக்கொள்ள வழி கிடைக்காது.

20 நிமிடம் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போய் எதையாவது படித்துவிட்டு வாருங்கள். படுக்கையில் கிடந்து சத்தத்தைக் காவல் காக்காதீர்கள். "இப்போ கேக்குதா? நேத்தைவிட அதிகமா?" என்று சோதித்துக்கொண்டே இருப்போம் பாருங்கள், அதுதான் நம்மைத் தின்கிறது. இதற்கு மனநல நிபுணர்கள் தரும் சிந்தனை நடத்தைச் சிகிச்சை, இரைச்சல் தரும் துன்பத்தைக் குறைப்பதாக ஆராய்ச்சிகளில் நன்றாக நிரூபணமான வழி. சத்தத்தின் அளவை அது குறைக்காது. சத்தத்தைக் கேட்டதும் எழும் பயத்தைக் குறைக்கும். சில மாதம் பிடிக்கும். பொறுமையாகப் போங்கள்.

பெயரும் முகவரியும் இல்லாத ஒரு கடிதம்: சத்தம் நிற்கவே இல்லை. சில ராத்திரி, இப்படி இருப்பதைவிட இல்லாமலே போய்விடலாம் என்று தோன்றுகிறது.

நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். என்னிடம் எழுதிய அதே வார்த்தைகளை, ஒன்றையும் மழுப்பாமல், இன்றைக்கே உங்கள் பக்கத்தில் இருக்கிற ஒருவரிடம் சொல்லுங்கள். வாய் வராவிட்டால் இந்தப் பக்கத்தைக் கையில் கொடுங்கள். ராத்திரி தனியாக இருக்க வேண்டாம், கூட ஒருவரைப் படுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நாளையே மனநல டாக்டரைப் பாருங்கள். அந்த எண்ணம் இன்றிரவே வலுத்தால் விடியும்வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். காது இரைச்சலோடு மனச்சோர்வு வருவது டாக்டர்கள் அன்றாடம் பார்க்கிற ஒன்று, அதற்கு மருந்தும் சிகிச்சையும் உண்டு. எனக்கு இரண்டாம் மாதமும் மூன்றாம் மாதமும்தான் மிக மோசமாக இருந்தன. அதே சத்தம்தான் இன்றைக்கும் கேட்கிறது. ஆனால் அந்த மூன்றாம் மாத ராத்திரிகள் திரும்ப வரவில்லை. நலமாக இருக்கிறேன் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள், காத்திருப்பேன்.

எனக்கு 'ஙொய்' என்று வராமல், 'துப் துப்' என்று நாடித்துடிப்போடு சேர்ந்து கேட்கிறது. இதுவும் அதே ரகமா?

இல்லை. மணிக்கட்டில் நாடியைப் பிடித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே தாளத்தில் போனால் அது ரத்த ஓட்டத்தின் சத்தமாக இருக்கலாம். பழகிக்கொள்ளலாம் என்று விட்டுவிடக் கூடாது. காது டாக்டரிடம் இதை இப்படியே சொல்லுங்கள், ரத்தக்குழாய்களை ஸ்கேன் செய்து பார்ப்பார்கள். காரணம் கண்டுபிடித்துச் சரி செய்யக்கூடிய இரைச்சல்களில் இதுவும் ஒன்று.

ஆளுக்கொரு மருந்து சொல்கிறார்கள். ஜின்கோ மூலிகை, துத்தநாக மாத்திரை, காதில் விடும் தைலம். எதை நம்புவது?

ஜின்கோ, துத்தநாகம் இரண்டையும் இரைச்சலுக்குப் பரிந்துரைக்க வேண்டாம் என்று அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கம் 2014-இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஜின்கோ ஆபத்தும்கூட. காதில் விடும் எதுவும் செவிப்பறையைத் தாண்டி உள்காதுக்குப் போகாது. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் தாண்டும், அப்போது கெடுதல்தான். 'எனக்குக் குணமாச்சே' என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. திடீரென்று காது போனவர்களில் கணிசமான பேருக்கு எந்தச் சிகிச்சையும் இல்லாமலே ஓரளவு திரும்புகிறது. அந்த வாரம் எதைச் சாப்பிட்டார்களோ அதற்குப் பெயர் கிடைத்துவிடுகிறது.

அப்பாவுக்கு 66 வயது. 'கேக்குது, ஆனா புரியல' என்கிறார். கத்திப் பேசினால் கோபம் வருகிறது. காது மெஷின் வாங்கிக் கொடுத்தோம், நான்கே நாளில் டப்பாவில் போட்டுவிட்டார். இப்போது யாரோடும் பேசுவதே இல்லை. நாங்கள் என்ன செய்ய, மேடம்?

அப்பா சொல்வது அட்சரம் பிசகாத உண்மை. வயதால் வரும் குறையில் முதலில் போவது மேல் சுருதி. நம் பேச்சில் உயிரெழுத்துகள் கனமானவை, கீழ்ச்சுருதியில் இருப்பவை, அவை கேட்கும். க, ச, த, ப எல்லாம் மெல்லிய சத்தங்கள், அவைதான் நழுவுகின்றன. கடை, சடை, தடை, படை என்று நான்கு வார்த்தையைச் சொல்லுங்கள். அப்பாவுக்கு நான்கும் '...அடை' என்றுதான் விழும். முதல் எழுத்தை அவர் உங்கள் உதட்டையும் பேச்சின் போக்கையும் வைத்து ஊகிக்கிறார். உதட்டைப் பார்த்தாலும் படையும் மடையும் ஒன்றுபோலவே தெரியும். கடை என்றால் உதட்டில் ஒன்றுமே தெரியாது, தொண்டையோடு முடிந்துவிடும். நாள் முழுக்க இப்படி ஊகித்துக்கொண்டிருக்கும் மனிதர் சாயங்காலம் களைத்துப்போவார். பேசாமல் ஒதுங்கி உட்கார்வதற்கு அந்தக் களைப்பும் ஒரு காரணம். கத்தினால் கனமான சத்தம் இன்னும் கனமாகும், நழுவியது நழுவியதுதான். போதாக்குறைக்குக் கத்தும் முகம் கோபமுகமாகத் தெரியும்.

முதலில் பெயரோ 'அப்பா' என்றோ சொல்லி அவர் திரும்பியபிறகு பேசுங்கள். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழட்டும், முதுகில் அல்ல. டிவியை நிறுத்திவிட்டுப் பேசுங்கள். ஒரு வாக்கியம் இரண்டு முறை சொல்லியும் புரியவில்லை என்றால் மூன்றாவது முறை அதையே சொல்லாமல் வேறு வார்த்தையில் சொல்லுங்கள். 'கடைக்குப் போறேன்' புரியாவிட்டால் 'சாமான் வாங்கிட்டு வரேன்' என்று மாற்றுங்கள்.

அப்புறம் ஒரே ஒரு வேண்டுகோள். அவர் "என்ன சொன்னே?" என்று கேட்கும்போது "ஒண்ணுமில்ல, விடுங்க" என்று சொல்லவே சொல்லாதீர்கள். என் வீட்டிலும் சொல்லியிருக்கிறார்கள், அன்பானவர்கள்தான், எரிச்சலில் சொன்னதும் இல்லை. சின்ன விஷயம்தானே என்று விட்டிருப்பார்கள். ஆனால் எல்லோரும் சிரித்து முடித்த பிறகு நான் மட்டும் 'என்ன, என்ன' என்று கேட்டு, அதற்கு 'ஒண்ணுமில்ல' என்று பதில் வாங்கி உட்கார்ந்திருந்த சாயங்காலங்களை என்னால் எண்ண முடியாது. அப்படி இரண்டு மாதம் போனால் மனிதர் கேட்பதையே நிறுத்திவிடுவார். அப்பா நிறுத்திவிட்டார் என்றுதான் உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. அந்தச் சின்ன விஷயத்தையும் திரும்பச் சொல்லுங்கள், சிரிப்பு ஆறிப்போயிருந்தாலும் பரவாயில்லை.

மெஷினை நான்கு நாளில் கழற்றியதில் ஆச்சரியம் இல்லை. முதல் வாரம் காகிதம் புரட்டுவதே தகரம் கிழிகிற மாதிரி இருக்கும், தன் குரல் குடத்துக்குள் இருந்து பேசுகிற மாதிரி இருக்கும். பல வருடம் கேட்காமலிருந்த சத்தங்களுக்கு மூளை பழக வாரங்கள் ஆகும், சிலருக்கு மாதங்கள். முதலில் வீட்டுக்குள், அமைதியான நேரத்தில், ஒருவரோடு மட்டும் பேசும்போது ஒரு மணி நேரம் போடட்டும். பிறகு கூட்டிக்கொண்டே போகலாம். எந்தச் சத்தம் குத்துகிறது, எங்கே பேச்சு புரியவில்லை என்று ஒரு தாளில் குறித்து ஆடியாலஜிஸ்டிடம் கொண்டுபோங்கள். கருவியை அதற்கேற்ப ஒழுங்கு செய்து தருவார்கள். ஒரு தடவை போய்ச் சரியாகிவிடாது, மூன்று நான்கு தடவை போகவேண்டி வரும். வாங்கிக் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள், கூடப் போங்கள்.

எனக்கும் உங்களைப் போல ஒரு காதுதான். எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பது? நல்ல காதைத் தலையணையில் வைத்தால் ஒன்றுமே கேட்காது என்று பயமாக இருக்கிறது, கைக்குழந்தை வேறு இருக்கிறது.

நல்ல காதை மேலே வைத்தே படுங்கள் மகளே. குழந்தை வளர்ந்தபிறகு மாற்றிக்கொள்ளலாம். நல்ல காதை அழுத்திப் படுத்தால் வெளிச்சத்தம் போய் இரைச்சல் மட்டும் மிஞ்சும், அது ஆரம்பத்தில் நல்லதும் இல்லை. அதிர்ந்து எழுப்பும் அலாரம் கிடைக்கிறது, தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம். குழந்தை அழுதால் அதிரும் கருவியும் இருக்கிறது. தூக்கத்தில் நாம் புரள்வோம் என்பதால் ஒரு காதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம், இதையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரரிடம் சொல்லி, குழந்தை உங்கள் இருவருக்கும் நடுவில் இல்லாமல் உங்கள் நல்ல காதுப் பக்கம், தனித் தொட்டிலில் தூங்கும்படி கட்டிலை நகர்த்திப் போடச் சொல்லுங்கள்.